லென்னி தார்ன் குரலில் எங்களுக்கும் பங்குண்டு

வெள்ளைக்காரர் குரல் எங்க கரைவலையில மாட்டுன அன்னைக்குச் சாளைமீன் பாடு கொள்ளாம வந்திருந்ததால, ஊருல ஒருத்தரும் அதைப் பெருசா எடுத்துக்கிடல. வலையை இழுத்துக் கரையேத்தி, வலையோட பையான மடியை அவுத்து, மீனை மணல்ல கொட்டுனா, துள்ளுற சாளைக்கு நடுவுல ஒரு ஆம்பிளை தொண்டையைத் தொறந்து இங்கிலீஷ்ல பாடுற சத்தம் வருது, ஆளைக் காணோம், மீனை அள்ள அள்ளச் சத்தம் இன்னும் தெளிவா வருது, வலைக்குச் சொந்தக்காரர் பெர்க்மான்ஸ் சம்மாட்டி காதைக் குடைஞ்சுக்கிட்டு, "முதல்ல மீனை அள்ளுங்கடே, பாட்டு எங்க ஓடிரப் போகுது"ன்னு அதட்டிட்டாரு. இதெல்லாம் நான் கண்ணால பாத்தது கிடையாது, ஆனா அங்கதான் இருந்தேன். எங்கம்மா நிறைமாசமா வலைக்கயிறு இழுத்துக்கிட்டு நின்னா, அவ வயித்துக்குள்ள நான் இருந்தேன்.

எங்க தோமையார்துறை தூத்துக்குடிக்குத் தெக்க, கடல் வாசல்வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற ஊரு. சர்க்கார் சட்டமெல்லாம் தார்ரோட்டோட நின்னுரும், கரைக்கு வந்தா வலைச் சட்டம் ஒண்ணுதான்: மடிக்குள்ள வந்தது எதுவானாலும், கயிறு பிடிச்ச கைக்கெல்லாம் அதுல பங்கு. மீன் வந்தா மீன்ல பங்கு, பாசி வந்தாப் பாசியில பங்கு. ஒருதடவை ஏதோ கப்பல்ல இருந்து விழுந்த நாற்காலி ஒண்ணு வலையில வந்துச்சு, கால் ஒருத்தருக்கு, கைப்பிடி ஒருத்தருக்கு, முதுகு ஒருத்தருக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதுல யாரும் உக்காந்தது கிடையாது. அப்படிப்பட்ட ஊரு ஒரு குரலை மட்டும் சும்மா விட்டிருமா?

ஆனா குரலை அரிவாள்மணையில வச்சு அறுக்க முடியாதே. கடலோரம் சோடா வித்துக்கிட்டிருந்த கஸ்பார், அப்ப அவருக்கு மீசை அரும்புற வயசு, ஒரு காலி கோலிசோடா பாட்டிலை மீன் குவியலுக்குள்ள கவுத்துனாரு, பாட்டு உள்ள போச்சு, பாட்டிலை நிமித்துனாரு, கோலிக்குண்டு 'டக்'குன்னு மேல ஏறி அடைச்சுக்கிட்டு. அம்புட்டுத்தான். பங்குக்கு ஒரு வாரம்னு முறை வச்சாங்க, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முறை மாறும். குண்டை அமுக்கி பாட்டிலை வாயில சரிச்சா குரல் நமக்குள்ள இறங்கிரும், நம்ம சொந்தக் குரல் கொஞ்சம் தள்ளி ஒதுங்கி நின்னுக்கிடும், வாரம் முடிஞ்சதும் பாட்டில் வாயில உதட்டை வச்சு 'ம்ம்ம்'னா திரும்பிப் போயிரும். எங்கம்மா இடுப்புல கை வச்சுக்கிட்டு, "எனக்கு ஒரு பங்கு, வயித்துல கிடக்கிறதும் சேந்துதான் இழுத்துச்சு, அதுக்கு ஒரு பங்கு"ன்னு நின்னுட்டா. நிறைமாசக்காரிகிட்ட யார் மல்லுக்கட்டுவா? அப்படித்தான் எனக்குப் பேரு வைக்கிறதுக்கு முந்தியே வெள்ளைக்காரர் குரல்ல பங்கு வந்துச்சு. பேரு பிறகு வச்சாங்க, பிரகாசி.

முதல் வருசம் அந்தக் குரலுக்கு ஒத்தப் பாட்டுதான் தெரியும். யாரு எதைப் பேச வாயத் தொறந்தாலும் அந்தப் பாட்டாத்தான் வரும். எங்கம்மா ஆட்டைக் கூப்பிட்டாக்கூட பாட்டுதான், ஆடெல்லாம் மேயாம நின்னு கேட்டுச்சாம். மேபல்னு ஒரு பிள்ளையை என் சைக்கிள்ல ஏறிக்கோன்னு ஒருத்தன் கெஞ்சுற பாட்டு அதுன்னு எங்க சர்ச்சுப் பங்குச்சாமி சொன்னாரு. கெஞ்சுறான், கெஞ்சுறான், கடைசிவரைக்கும் ஏறுனாளா இல்லையான்னு பாட்டுல இல்ல. எங்க ஊருப் பொம்பளைங்களுக்கு இது பெரிய மனக்குறை. ஆனா எந்தப் பிள்ளையும் நாலு வீட்டுல சோறு தின்னா பேச்சுக் கத்துக்கிடத்தான் செய்யும். அந்தக் குரலும் வீட்டுக்கு வீடு, வாய்க்கு வாய் மாறி, கொஞ்சம் கொஞ்சமா எங்க பேச்சைப் பிடிச்சுக்கிட்டு.

பிறகு அது பாக்காத வேலை கிடையாது. மீன் ஏலம் விட்டுச்சு, அது ஏலம் விட ஆரம்பிச்ச பிறகு டவுன் வியாபாரிங்க மீனைப் பாக்காம வாயைப் பாத்துக்கிட்டு நின்னு விலையை ஏத்திக் கேட்டானுவ. கோயில்ல மன்றாட்டு சொல்லுச்சு. எழவு வீட்டுல ஒப்பாரி வச்சுச்சு, செத்தவனுக்கே எந்திரிச்சுப் பாக்கலாம்னு தோணுற மாதிரி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போன சண்டியர் ஒருத்தன் அந்தக் குரல்ல தன் பாவத்தைச் சொல்ல, பங்குச்சாமி அசந்துபோய், "இன்னும் கொஞ்சம் சொல்லு"ன்னாராம். எலெக்சன்ல இந்த வாரம் ஒரு கட்சிக்குக் கேட்டுச்சு, அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்குக் கேட்டுச்சு, ரெண்டு வாரமும் ஜனங்க கை தட்டுனாங்க. பொண்ணு பாக்க வந்த வீட்டுல பொண்ணு தட்டை நீட்டி, பனைமரம் பேசுற மாதிரி ஒரு சத்தத்துல "காப்பி எடுத்துக்கோங்க"ன்னா, மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டு, "குரல் கனமா இருந்தாலும் பேச்சு அடக்கமா இருக்கு"ன்னு பூ வச்சுட்டுப் போனா. அந்தப் பிள்ளைக்கு இப்பப் பேரன் இருக்கான்.

சண்டைக்குத்தான் அதுக்கு ரொம்பக் கிராக்கி. எனக்கும் எங்க மைனி ரோசலிக்கும் உள்ள சண்டையை இங்க சொல்லியே ஆகணும். ரோசலி எங்கண்ணன் பொண்டாட்டி, எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் ஒரே சுவரு. தோமையார் திருவிழா அசன விருந்துக்கு ஊருக்கே சுறாப்புட்டு வச்சது நான். எல்லாரும் கையை நக்கிட்டுத்தான் எந்திரிச்சானுவ. ஆனா அது அவ முறை வாரம், வாரம் முடியப் போற சமயமாப் பாத்து, மொட்டை மாடியில ஏறி நின்னு, அந்தக் கனத்த குரல்ல, "பிரகாசி வச்ச புட்டுல மணலு! நறநறன்னு மணலு!"ன்னு ஏலம் விடுறாப்புல விட்டுட்டா. கடற்கரை முழுக்கச் சிரிப்பு. நான் பதில் சொல்ல வாயத் தொறந்தேன், எங்கிட்ட இருந்தது என் குரல், கீச்சுக்குரல், யாருக்குக் கேக்கும்? பாட்டில்ல போன குரல் என் முறைக்கு வர மாசக்கணக்கா ஆகும். அன்னையில இருந்து அவகூடப் பேச்சை விட்டேன். ராத்திரி படுத்தாலும் காலையில எந்திரிச்சாலும் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒண்ணொண்ணாச் சேத்து வச்சேன், சும்மா சொல்லக்கூடாது, எல்லாமே அருமையான பதிலு.

என் முறை கிட்டத்துல வந்துருச்சுன்னு நான் தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுத் தயாராகிட்டிருக்கும்போதுதான், குரலுக்குச் சொந்தக்காரர் வந்து இறங்குனாரு.

சுற்றுலா வந்த எவனோ எங்க மீன் ஏலத்தைப் போன்ல எடுத்து இன்டர்நெட்டுல போட்டிருக்கான். அதை இங்கிலாந்துல சாண்ட்ரான்னு ஒரு பொம்பளை பாத்திருக்கா. லுங்கி கட்டுன கறுத்த மனுசன் ஒருத்தன் வாயில இருந்து, தன் அப்பாவோட பழைய ரெக்கார்டுல கேட்ட குரல் வருது. அவ அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் பிளேன் ஏறிட்டா. வேன்ல இருந்து இறங்குனது ஒரு ஒல்லி வெள்ளைக்காரர், எழுபது தாண்டுன வயசு, நரைச்ச முடியை நெத்தியில சுருட்டி விட்டிருந்தாரு, கூடவே நாப்பது வயசு கடந்த மகள், மோவாய்க்கட்டையில ஒரு தழும்பு. அவரு ஒரு வார்த்தை பேசல. எப்படிப் பேசுவாரு, அவரு தொண்டைதான் பாட்டில்ல கிடக்கே.

குவைத்துல நர்சா இருந்து திரும்புன எங்க ஜெனோவாதான் மகள் பேசுன இங்கிலீஷை எங்களுக்குச் சொன்னா. அவரு பேரு லென்னி தார்ன். அவங்க நாட்டுல பொடியன்களெல்லாம் முடி வளத்து கிட்டாரை மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச அறுபதுகள்ல இவரும் ஒரு பாட்டுக்காரர். சைக்கிள் பாட்டு ரேடியோ பட்டியல்ல முப்பத்தெட்டாவது இடம் வரைக்கும் ஏறுச்சு, மறுவாரம் இறங்கிருச்சு. அடுத்த பாட்டு ஏறவே இல்ல. மானேஜர் இவரை ஆஸ்திரேலியா போற கப்பல்ல பயணிகளுக்குப் பாடச் சொல்லி ஏத்தி விட்டான். கன்னியாகுமரிக்குத் தெக்க வரும்போது, மேல்தட்டுல நின்னு காத்துக்கு எதிரா அந்த 'மேபே...ல்'ங்கிற இழுப்பை இழுத்திருக்காரு, இழுத்தது போச்சு, திரும்ப வரல.

அதுக்கப்புறம் உள்ள கதையை அவரே சொன்னாரு. வாயால இல்ல, உடம்பால. குரல் போன மனுசன் ஐம்பது வருசமா கையையும் காலையும் வச்சே பொழைச்சவரு, அவரு நடிச்சுக் காட்டுனா மொழிபெயர்க்க ஒரு ஜெனோவாவும் வேண்டாம். ஊர்க்கூட்டம் கடற்கரையில கூடுச்சு, சோடாக்காரக் கஸ்பாருதான் இப்ப ஊர்த்தலைவர், அவரு முன்னாடி லென்னி நின்னு, தான் பாத்த வேலையெல்லாம் காட்டுனாரு. டி.வி.யில வேற யாரோ பாட இவரு வாயை மட்டும் அசைச்சாரு. துணிக்கடைக் கண்ணாடிக்குள்ள பொம்மையா நின்னாரு, ஈ மூக்குல உக்காந்தும் அசையல, பாத்துக்கிட்டிருந்த எங்களுக்கு மூக்கு அரிச்சுச்சு. நாடகத்துல ரெண்டு பேர் சேந்து குதிரை வேசம் போடுறதுல இவரு பின்னங்கால், முன்னங்கால்காரன் குடிச்சுட்டு வந்த அன்னைக்குக் குதிரை எப்படி நடந்துச்சுன்னு காட்டுனாரு பாருங்க, பெர்க்மான்ஸ் சம்மாட்டி மகன் சிரிச்சுச் சிரிச்சு மணல்ல உருண்டான். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுனாரு, அந்த வண்டியில மணிக்குப் பதிலா அடிச்சது அவரோட சைக்கிள் பாட்டு. தன் பாட்டைக் கேட்டுப் பிள்ளைங்க ஓடி வருதேன்னு முதல்ல சந்தோசமா இருந்துச்சாம், பிறகுதான் தெரிஞ்சுச்சாம், அதுங்க ஐஸுக்கு ஓடி வருதுன்னு.

"எல்லாம் சரி, இப்ப என்ன வேணும் இவருக்கு?"ன்னு கஸ்பார் கேட்டாரு.

சாண்ட்ரா சொன்னா, ஜெனோவா சொன்னா: மகளுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை கீத்துன்னு ஒரு பிளம்பர். அவங்க வழக்கத்துல கல்யாண விருந்துல பொண்ணோட அப்பா எந்திரிச்சு நின்னு நாலு வார்த்தை பேசணும். இவரு பேசணும். பிறந்ததுல இருந்து மகளை ஒருதடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்ல. குரல் வேணும்.

கஸ்பார் தொண்டையைச் செருமுனாரு. "ஐயா, மனசுக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மடிக்குள்ள வந்த மீனு, 'நான் கடலுக்குச் சொந்தம்'னு சொன்னாக் கேக்க முடியுமா? பங்கு வச்சாச்சு. பங்கு வச்சதைத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு எவனாவது வந்து நாற்காலியக் கேப்பான்."

"நாற்காலிக்காலை நான் தர மாட்டேன்"னு கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சான்.

"உன்கிட்ட யாருவே கேட்டா? உக்காரும்."

"இந்த வாரம் குடுத்தா என் வாரத்தை யாரு ஈடு கட்டுவா?"ன்னு இன்னொருத்தன். ஆளாளுக்குக் கத்துனானுவ. விசாரிச்சுப் பாத்தா, அந்தக் கல்யாணச் சனிக்கிழமை ஆரம்பிக்கிற வாரம் யாரு முறை? என் முறை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பக்கம் ரோசலி உக்காந்து சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டிருந்தா. சிரிக்கத்தான் செஞ்சிருப்பா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. "ஏ தலைவரே, என் முறை என் முறைதான். அந்த வாரத்துக்கு எனக்கு வேலை கிடக்கு. மகள்காரிக்கு வேணும்னா பாட்டை ரெக்கார்டுல போட்டுக் கேக்கச் சொல்லும்"னு நான் வெடுக்குன்னு சொல்லிட்டேன்.

ஜெனோவா அதை எப்படித்தான் இங்கிலீஷ்ல சொன்னாளோ. லென்னி என்னைப் பாத்தாரு. கோபமில்ல. கையை உயத்தி, கொஞ்சம் பொறு, இன்னும் ஒண்ணு பாக்கியிருக்குன்னு காட்டுனாரு.

மணல்ல ஒரு கோடு போட்டாரு, இது வாசல். அந்தப் பக்கம் இன்னொரு கோடு, அது ரோடு. ஸ்டியரிங்கைப் பிடிச்சு உடம்பை ஆட்டுனாரு, ரோட்டுல பஸ்ஸு வருது. பிறகு குனிஞ்சு, தொடை உயரத்துக்குக் கையை வச்சு, சின்ன உருண்டையா ஒரு பிள்ளையக் காட்டுனாரு. பிள்ளை ரெண்டு சடை போட்டிருக்கு, கையில பந்து இருக்கு, பந்து உருளுது, பிள்ளை பின்னாலயே போகுது. இவரு வாசல்ல நிக்காரு. பாக்காரு. பந்து ரோட்டுக்குப் போயிட்டு. பிள்ளை போகுது. இவரு வாயத் தொறக்காரு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது, கண்ணு பிதுங்குது, வாய் எம்புட்டுத் தொறக்குமோ அம்புட்டும் தொறந்து நிக்குது, காத்து வருது, சத்தம் வரல. பஸ்ஸு வருது.

"ஏ மக்ளே! நில்லு! வண்டி வருது!"

கத்துனது யாருன்னு கேக்காதீங்க. மொத்தக் கடற்கரையும் கத்துச்சு. பொம்பளைங்க பாதி பேரு எந்திரிச்சு அந்தக் கோட்டைப் பாத்து ஓடியே போயிட்டாங்க, கஸ்பார் வேட்டி அவுந்தது தெரியாம கையை நீட்டிக்கிட்டு நிக்காரு, நான் வெறும் மணல்ல முட்டி போட்டு, அங்க இல்லாத பிள்ளையை ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டுக் கிடக்கேன். எனக்குப் பக்கத்துல முட்டி போட்டுக் கிடக்கிறது ரோசலி.

சாண்ட்ரா அழுதுக்கிட்டே தன் மோவாய்த் தழும்பைத் தொட்டுக் காட்டுனா. பஸ்காரன் பிரேக் போட்டுட்டான், பம்பர் உரசுனதோட தப்பிச்சா. அதுக்கப்புறம் லென்னி மத்த வேலையெல்லாம் விட்டுட்டு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி, வட்டப் பலகை ஒண்ணைத் தூக்கிக் காட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைங்களை ரோடு தாண்ட விடுற வேலைக்குப் போயிட்டாராம். மழையோ பனியோ, ஓய்வு பெறுற வரைக்கும் அதே ரோட்டுல நின்னாராம். அந்த வேலைக்குக் குரல் தேவையில்ல.

நான் மணலைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சேன். "என் முறையை அவரு எடுத்துக்கிடட்டும்"னேன். சொல்லி முடிச்சதும் சேத்து வச்ச பதிலையெல்லாம் நினைச்சு வயிறு எரிஞ்சுச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. கஸ்பார் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, கயிறு இழுத்தவனுக்குப் பங்கு இருக்கிறாப்புல தொலைச்சவனுக்கும் ஒரு பங்கு உண்டுன்னு அன்னைக்குப் புதுசா ஒரு சட்டம் போட்டாரு, யாரும் மறுக்கல. நடப்பு வாரக்காரன் செபஸ்தியானுக்குக் கன்னம் வீங்குன பல்வலி, பேச முடியாதவனுக்குக் குரல் எதுக்குன்னு அவனும் விட்டுக் குடுத்தான். குண்டு அடைச்ச பாட்டிலை மீன்வலைத் துண்டுல சுத்தி லென்னி கையில குடுத்தோம். முறை ஆரம்பிக்கிற சனிக்கிழமைதான் தொறக்கணும்னு கஸ்பார் கண்டிசன் போட்டாரு. லென்னியும் நெஞ்சுல கை வச்சுத் தலையாட்டுனாரு. முதல் வார்த்தையை மகள் கல்யாணத்துலதான் பேசணும்னு அவருக்கும் ஆசை.

அவங்க ஊருல இருந்த நாள் வரைக்கும் சாண்ட்ரா எந்தத் தெருவுல போனாலும் வாசலுக்கு வாசல், "ஏ பிள்ள, சாப்டியா?"ன்னு கேட்டே கொன்னு எடுத்துட்டாங்க. முதல்ல வணக்கம்னு சொல்றாங்கன்னு நினைச்சுச் சும்மா சிரிச்சா. பிறகு ஜெனோவா சொல்லிக் குடுத்தா. "சாப்டேன்"னு திருத்தமாச் சொல்லப் பழகிக்கிட்டா, சாப்பிடலேன்னா உள்ள இழுத்து உக்கார வச்சுருவாங்கன்னு புரிஞ்சுக்கிட்டா. அந்த ஒத்த வார்த்தைத் தமிழோடதான் பிளேன் ஏறுனா.

கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் கோயில் சுவருல பங்குச்சாமி புரொஜெக்டர் வச்சாரு, ஜெனோவா போன்ல இருந்து அங்க நடக்குறது இங்க தெரிஞ்சுச்சு. ஊரே பாய் போட்டு உக்காந்திருக்கு. எனக்குப் பக்கத்துல இடம் காலியாக் கிடந்ததால ரோசலி வந்து உக்காந்தா, நான் திரும்பிப் பாக்கல. சுவருல பெரிய மண்டபம், தொப்பி வச்ச பொம்பளைங்க, அடுக்கு அடுக்கா ஒரு கேக்கு, வெள்ளைக் கவுன்ல சாண்ட்ரா, பக்கத்துல சட்டைக் கழுத்து இறுக்கி முழிச்சுக்கிட்டிருந்த கீத்து. லென்னி எந்திரிச்சாரு. எங்க கோலிசோடா பாட்டிலை எடுத்தாரு. கட்டைவிரலால குண்டை அமுக்குனாரு, அந்த 'டக்'கு எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. வாயில சரிச்சாரு. வாயத் தொறந்தாரு.

"ஏல, எல்லாம் தள்ளி நில்லுங்கடே! மேல வந்து விழாதீங்க! ஏலம் ஆரம்பிச்சாச்சு!"

நாங்க அத்தனை பேரும் தலையில கை வச்சோம். அந்தக் குரலுக்கு இங்கிலீஷ் மறந்து எம்புட்டு வருசமாச்சு! ஐம்பது வருசமா எங்க வாயிலயே வளந்த பிள்ளை, அதுக்கு மீனும் செபமும் வசவும் தவிர வேற என்ன தெரியும்? வெள்ளைக்காரர் வாய்க்குள்ள போனா இங்கிலீஷ் தன்னால வந்திரும்னு அவரும் நினைச்சாரு, நாங்களும் நினைச்சோம், படிச்ச ஜெனோவாவும் நினைச்சா. கஸ்பார், "ஐயையோ, சொல்லாம விட்டுட்டமே, மோசம் போனோமே"ன்னு புலம்புனாரு.

லென்னியும் ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டாரு. தன் தொண்டையைத் தடவிப் பாத்தாரு. மறுபடி வாயத் தொறந்தாரு, மூடுனாரு. பிறகு அவரு முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, குதிரையோட பின்னங்கால்ல இருந்துக்கிட்டே கைத்தட்டு வாங்குன மனுசனோட சிரிப்பு. எந்த வேலை குடுத்தாலும் பாப்பேன்ங்கிற சிரிப்பு. தோளை நிமித்துனாரு, பேசுனாரு. ஐம்பது வருசம் பேசாம இருந்தவரு நிறுத்துவாரா? மடை தொறந்து விட்டாப்புல பேசுனாரு.

"வந்தவுகளுக்கெல்லாம் கும்புடு. ஏ மாப்பிள, கீத்து, நீ நல்ல பயதான், ஆனா நீ மாட்டிக் குடுத்த குழாய் இன்னும் ஒழுகுதுவே. அதை முதல்ல வந்து பாரு. அந்தா உக்காந்திருக்கானே என் மானேஜரு, கட்டையில போவான், என்னைக் கப்பல்ல ஏத்தி விட்டவன், அவனுக்குக் கேக்கு குடுக்காதீங்க. கேக்கு யாருக்கு, கேக்கு யாருக்கு, பெரிய கேக்கு, பிடிச்ச கேக்கு, கேளுங்கடே!"

தொப்பிக்காரப் பொம்பளை ஒருத்தி கையைத் தூக்கிட்டா. ஏன் தூக்குனான்னு அவளுக்கே தெரியாது. அங்க உள்ளவங்களுக்கு ஒரு எழுத்துப் புரியல, ஆனா எல்லாரும் வாயப் பொளந்து கேக்காங்க, சிரிக்காங்க, கை தட்டுறாங்க, அந்த மானேஜர் கிழவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாத் தட்டுறான். இங்க நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுறோம். ரோசலி சிரிச்ச சிரிப்புல என் மேல சாஞ்சுட்டா, நானும் தள்ளி விடல. அங்க லென்னி மகள்கிட்ட, "உங்கம்மா இருந்திருந்தா இன்னைக்கு எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பா, அந்தப் புண்ணியவதி என் ஊமைப் பேச்சைக் கேட்டே காலத்தைத் தள்ளிட்டாளே"ன்னு அடுத்த மூச்சுல சொன்னாரு பாருங்க, சிரிப்பு அப்படியே நின்னுச்சு. குரல் எங்க ஊரு எழவு வீட்டுலல்லாம் பழகுனது, அதுக்குத் தெரியும் எந்த இடத்துல இறங்கணும்னு.

பிறகு அவரு பேச்சை நிறுத்திட்டு மகளைப் பாத்தாரு. மண்டபத்துல சிரிப்பெல்லாம் அடங்குச்சு. அவரு கழுத்து நரம்பு புடைக்குது, கண்ணு பெருசாகுது, எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, மணல்ல காட்டுன அதே முகம்.

"ஏ சாண்ட்ரா! மக்ளே! நில்லு! வண்டி வருது!"

அந்தச் சத்தம் கோயில் சுவரை விட்டு வெளிய வந்து கடல்வரைக்கும் போச்சு. அங்க யாருக்கும் ஒண்ணும் விளங்கல. ஆனா சாண்ட்ரா கையில இருந்த கிளாஸை மேசையில வச்சா. இந்தச் சத்தத்தை அவ கேட்டிருக்கா, மொத்தக் கடற்கரையும் அவளுக்காகக் கத்துனப்போ கேட்டிருக்கா. நாலு வயசுல அவளுக்கு வந்து சேர வேண்டியது, இப்பத்தான் வந்து சேருது. அவ எந்திரிச்சு, சின்னப்பிள்ளை மாதிரி ரெண்டு காலையும் சேத்து வச்சு, அப்படியே நின்னா. நின்னுட்டேன்னு அவருக்குக் காட்டுற மாதிரி நின்னா.

என்ன சொல்றதுன்னு தெரியாத மனுசன் எங்க ஊருல என்ன கேப்பானோ, அதைத்தான் அவரும் கேட்டாரு.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா"ன்னா சாண்ட்ரா.

கோயில் முற்றத்துல ஒருத்தர் கண்ணும் காயல. கஸ்பார் துண்டை முகத்துல போட்டுக்கிட்டாரு. பங்குச்சாமி புரொஜெக்டரை அணைக்க மறந்துட்டாரு, சுவருல கேக்கை வெட்டுறாங்க, ஆடுறாங்க, யாரும் அதைப் பாக்கல. ரோசலி மூக்கைச் சீந்தித் தலைப்புல துடைச்சுட்டு, மாசக்கணக்குல முதல் தடவையா என் முகத்தைப் பாத்து, "ஏட்டி பிரகாசி, அடுத்த வருசம் என் முறையையும் அவருக்கே குடுத்திரலாம்னு இருக்கேன்"னா.

"என் முறையும் அவருக்குத்தான் மைனி"னேன் நான். பின்னாலயே ஒவ்வொருத்தனா, "என்னதும் அங்கேயே கிடக்கட்டும்", "என் பங்கும் வேண்டாம், மகள்கூடப் பேசட்டும்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டானுவ. நாற்காலிக்காலு வச்சிருக்கிறவன் மட்டும், நாற்காலி வேற விசயம்னான்.

எந்திரிச்சுப் பாயைச் சுருட்டும்போதுதான் எனக்கு உறைச்சுச்சு. "அப்ப நம்ம சண்டை மைனி? நான் அம்புட்டுப் பதில் சேத்து வச்சிருக்கேனே."

ரோசலி இடுப்புல கையை வச்சா. "அதுக்கு எதுக்குட்டி வெள்ளைக்காரர் குரலு? நமக்குத் தொண்டை இல்லையா? மணலு கிடந்துச்சு, கிடந்துச்சுதான், என் பல்லே ஆடிப்போச்சு."

"யாரு புட்டுல மணலு? உன் வாயில மணலு!"ன்னு நான் ஆரம்பிச்சேன். கோயில் வாசல்ல ஆரம்பிச்சு, தெரு முழுக்க, அவ கரகரக் குரல்ல, நான் என் கீச்சுக்குரல்ல, ஒருத்திக்கொருத்தி விடாமக் கத்திக்கிட்டே வீடு வரைக்கும் வந்தோம். பாயை அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஊரே பின்னால வந்துச்சு, ஒரு பதில்கூடத் தவற விடாம.